வாசகர் கேள்வி–பதில்: இத்தாலியில் பிள்ளைகளோடு

கே: குடும்பத்தோடு மிலானுக்குப் போகிறோம். மகனுக்கு மூன்று வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அங்கே பள்ளியில் சேர்க்க அது போதுமா? – வாசகி, கோயம்புத்தூர்

ப: போதாது. 2017-ஆம் ஆண்டின் 119-ஆம் எண் சட்டப்படி அங்கே பத்து நோய்களுக்குத் தடுப்பூசி கட்டாயம். போலியோ, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி), தட்டம்மை, ரூபெல்லா ஆகிய எட்டும் நம் அரசுப் பட்டியலிலேயே இருக்கின்றன. இடிப்பது மற்ற இரண்டும்: பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை. இங்கே போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர்.; அவர்கள் கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை இவை இல்லாமல் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். ஆறுக்கு மேல் சேர்ப்பார்கள்; ஆனால் பெற்றோருக்கு 100 முதல் 500 யூரோ வரை அபராதம் வரலாம்.

கிளம்புமுன் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். அங்கே போய் வட்டார அரசுச் சுகாதாரத் துறையின் தடுப்பூசி மையத்தில் போடுவதானால் கட்டாய ஊசிகளுக்குக் காசு இல்லை. சின்னம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தால் மருத்துவர் சான்று போதும், ஊசி வேண்டாம். ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை, ஒரு வயதுக்கு முன் போட்டது என்று கணக்கில் சேர்க்காமல் விடலாம். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

ஊசியைவிடத் தடுப்பூசி அட்டைதான் அதிகம் படுத்தும். பல அட்டைகளில் குழந்தையின் பெயர் இருக்காது, ‘பேபி ஆஃப்’ என்று தாயின் பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் பிள்ளையின் பெயர், ஊசியின் பெயர், போட்ட தேதி, முத்திரை எல்லாம் ஆங்கிலத்தில் வரும்படி எழுதி வாங்குங்கள். சில மையங்களில் இத்தாலிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். பி.சி.ஜி. போட்டிருப்பதை அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே எல்லாக் குழந்தைக்கும் அதைப் போடுவதில்லை. காசநோய்க்கான தோல் பரிசோதனை அந்த ஊசியாலேயே தடித்துக் காட்டக்கூடும்.

கே: நாங்கள் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. மகள் செப்டெம்பரில் பாலர் பள்ளிக்குப் போகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – வாசகி, பலெர்மோ

ப: முதலில் மென்சா, அதாவது பள்ளிச் சாப்பாடு, உண்டா என்று பாருங்கள். உங்கள் பக்கம் மத்தியானத்தோடு முடியும் பள்ளிகள் நிறைய. இருந்தால், மத நம்பிக்கைக்கான மாற்று உணவுப் படிவத்தைக் கேளுங்கள். அதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போதும். மருத்துவச் சான்று ஒவ்வாமைக்குத்தான்.

படிவத்தில் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை என்று தனித்தனியே எழுதுங்கள். காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஆனால் ‘அல்லுவோவோ’ என்று பெயரில் வந்தால் முட்டை சேர்ந்தது. சின்னப் பாஸ்தா மிதக்கும் ‘புரோதோ’ பல நேரம் இறைச்சி வேகவைத்த சாறு. ‘புரோதோ வெஜெத்தாலே’ என்று கேட்டால் மரக்கறிச் சாறு. பியாதீனா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். எல்லாவற்றின் மேலும் தூவும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். அது கூடாது என்றால் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ‘சீஸ் சைவம்தானே’ என்று சமையலறையில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

கே: மகளை நீதோவில், அதாவது மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளின் காப்பகத்தில், சேர்த்தோம். இரண்டு வாரம் தாயோ தகப்பனோ கூட வரவேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு லீவே இல்லை. தப்பிக்க வழி உண்டா? – வாசகர், போலோஞா

ப: இல்லை. ‘இன்செரிமென்த்தோ’ என்ற அந்தப் பழக்கும் நாள்களைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாம், தவிர்க்க முடியாது. முதல் நாள் உங்களோடு ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் சில நிமிடம் வெளியே, பிறகு சாப்பாடு வரை, கடைசியில் தூக்கம் என்று படிப்படியாகப் போகும். லீவை இருவரும் ஆளுக்கொரு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்துக்குள் ஆளை மாற்றிக்கொண்டிருந்தால் குழந்தை மிரளும். அது விளையாடும்போது நைசாக நழுவுவது நம் வீட்டுத் தந்திரம். அங்கே எடுபடாது, மறுநாள் உங்களை விடவே விடாது. டாட்டா சொல்லி, அழுதாலும் கிளம்புங்கள். தண்ணீருக்கு ‘ஆக்குவா’, சிறுநீருக்கு ‘பிபீ’, போதும் என்பதற்கு ‘பாஸ்தா’, இந்த மூன்றையும் வீட்டிலேயே பழக்குங்கள். சாப்பிடும் பாஸ்தாவும் தமிழில் எழுதினால் அப்படியேதான் வரும், என்ன செய்வது!

கே: இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால் சிரப்பும் இங்குள்ள ‘தாக்கிபிரீனா’வும் ஒன்றுதானா? – வாசகி, ரோம்

ப: மருந்து ஒன்று, அடர்த்தி வேறாக இருக்கலாம். தாக்கிபிரீனா சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம். இந்தியப் புட்டிகளில் 120-உம் உண்டு, 250-உம் உண்டு. 250 என்றால் அதே ஐந்து மில்லியில் இரட்டிப்பு மருந்து போய்விடும். ஒரு புட்டியை மட்டும் வீட்டில் வையுங்கள். அளவைக் குழந்தையின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இரவிலும் வார இறுதியிலும் ‘குவார்தியா மேதிகா’ எனப்படும் முறை மருத்துவரைக் கேளுங்கள். அவசரம் என்றால் 112.

கே: குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பினால் பள்ளியில் ஏதாவது நினைப்பார்களா? – வாசகி, நேப்பிள்ஸ்

ப: நீங்கள் இருக்கும் ஊரில் கண்ணேறுக்கு ‘மலோக்கியோ’ என்று பெயர், அதற்காகச் சிவப்புக் கொம்பு மாட்டிக்கொள்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. உங்களுக்குப் புதிதாக விளக்க வேலை இல்லை. மச்சமோ காயமோ இல்லை, மை என்று மட்டும் ஆசிரியையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் மத்தியானம் தக்காளிச் சாற்றைத் துடைக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். உள்ளங்காலில் வையுங்கள்.