பிசியோவிடம் சொன்னது கோச்சின் காதுக்குப் போகலாமா?

கேள்வி: தேசிய மட்டத்தில் ஓடும் வீராங்கனை பிசியோவிடம் மனம்விட்டுப் பேசலாமா? அவர் எல்லாவற்றையும் கோச்சிடம் சொல்லிவிட மாட்டாரா?

சொல்லக் கூடாது. வீராங்கனை சம்மதித்தால், சம்மதித்த அளவுக்கு மட்டும் சொல்லலாம். கேட்டிருப்பவர் ஓடுகிற பிள்ளையாகவோ அந்தப் பிள்ளையின் அம்மாவாகவோதான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்தப் பயம் வராது.

நான் மட்டக்களப்பில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோவாக, இருக்கிறேன். பின்னேரங்களில் விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பேன். வெபர் மைதானத்தில் கூடைப்பந்து ஆடிக் கணுக்கால் பிரண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அம்பாறைக் கரையோரத்திலிருந்து ஓட்டக்காரர்களும் வருவார்கள். அப்படி வந்த ஒரு தங்கச்சியின் கதை இது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றியும் இருக்கிறேன்.

நீண்ட தூர ஓட்டக்காரி. கொழும்பில் தேசியப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நோவு. "தசைப்பிடிப்புத்தான், தேய்த்துவிட்டால் சரி" என்று கோச் அனுப்பியிருந்தார். எலும்பின் உள்விளிம்பில் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தேன். ஓட்டக்காரருக்கு வழமையாக வரும் நோவென்றால் நீளத்துக்குப் பரவியிருக்கும். இவளுக்கோ ஒரு நாணயக் குற்றி அளவான இடத்தில் விரல் பட்டதும் கால் தானாக இழுத்தது. அந்தக் காலில் மட்டும் நின்று துள்ளச் சொன்னேன். ஒரு துள்ளலோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். எலும்பில் நுண்வெடிப்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட இது போதும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதும் சகஜம். ஆகவே "எக்ஸ்ரே கிளியர்" என்பதை நம்பி யாரும் ஓடிவிடாதீர்கள்.

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மாதவிடாய் பற்றிக் கேட்டேன்.

"நிண்டு கனநாள் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லல்ல. பாரம் கூடுமெண்டு ராச்சாப்பாட்டையும் விட்டுட்டன்."

ஓடிச் செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மாதவிடாய் நிற்கலாம், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும், எலும்பு பலமிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டு வீரர்களின் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று அறிக்கையே வெளியிட்டது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இதை ஆண் கோச்சிடம் எப்படிச் சொல்லும்?

அன்றிரவே கோச் ஃபோன் எடுத்தார். "என்ன மிஸ், ஓடுவாளா? என்ன சொன்னவ?"

எலும்பில் வெடிப்பு என்று சந்தேகம், வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறேன், இப்போதைக்கு ஓட முடியாது என்றேன். அவ்வளவுக்குத்தான் அவள் சம்மதித்திருந்தாள். "மிச்சத்தை அவளிடமே கேளுங்கள் சேர்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளை ஆளாக்கினது நான், எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னிடம் ஒருவரையும் அனுப்பவில்லை.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். அன்று நான் வாய் திறந்திருந்தால் அவள் மட்டுமல்ல, அவளோடு ஓடுகிற ஒரு பிள்ளையும் இனி என்னிடம் உண்மை பேசாது. நோவை மறைத்து ஓடி, எலும்பு முழுதாக முறிந்த பிறகுதான் வருவார்கள். வெடிப்பு உறுதியான பிறகு அவளே அம்மாவிடம் சொன்னாள், பெண்நோயியல் வைத்தியரிடமும் போனாள். ராத்திரிச் சோறு, மீன், முட்டை, தயிர் எல்லாம் திரும்ப வந்தன. ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள். அந்தப் போட்டி போனது போனதுதான். அடுத்த வருடம் ஓடினாள்.

கோச்மாருக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுக்கிற கோச்மாரை எனக்குத் தெரியும். பெரிய அணிகளில் பிசியோ கோச்சோடுதானே இருக்கிறார் என்றும் கேட்பீர்கள். ஆமாம், 1996இல் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது அலெக்ஸ் கொன்டூரிஸ் என்ற அவுஸ்திரேலிய பிசியோ அணியோடு இருந்தார். யார் ஆடலாம், எவ்வளவு ஆடலாம் என்பது கோச்சுக்குத் தெரியத்தான் வேண்டும். ஏன் என்கிற காரணம் வீரருடையது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு கதை.

இதையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பிள்ளைகளை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஏற்றி, விடியக் காலையில் இறக்கி, அன்றைக்கே ஓட விடுகிறார்கள். இரவு முழுக்கக் கால் மடக்கி உட்கார்ந்து வந்த பின்தொடை எப்படி இழுபடும்? ஒரு நாள் முந்திப் போய்த் தங்கக் காசில்லை என்பார்கள். வென்று வந்தால் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் மட்டும் எங்கிருந்தோ காசு வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே பிசியோவிடம் நேராகக் கேளுங்கள்: "நான் சொல்வதில் எதை யாரிடம் சொல்வீர்கள்?" முகம் சுளிக்காமல் தெளிவாகப் பதில் சொன்னால் அவரிடம் பேசலாம். மழுப்பினால் காலை மட்டும் காட்டுங்கள், மாதவிடாய், சாப்பாடு பற்றிப் பேச ஒரு பெண் வைத்தியரைத் தேடுங்கள்.