விறகும் கூடுது, கரண்ட் பில்லும் கூடுது: பால் ஆலை கேள்வி பதில்

தினம் 10,000 லிட்டர் பால் பதப்படுத்துகிறோம், விறகு பாய்லர். பால் அளவு மாறவில்லை, ஆனால் ஒரு வருடமாக விறகும் மின்கட்டணமும் சேர்ந்தே ஏறுகின்றன. சோலார் போட்டால் கரிம உமிழ்வும் செலவும் குறையுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

சோலாரைப் பிறகு பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாஸ்சுரைசரின் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் கருவி) ரீஜெனரேஷன் பகுதியை. 72 டிகிரியில் காய்ந்த பால், உள்ளே வரும் 4 டிகிரிப் பாலுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் இடம் அது. அதைத் தாண்டியதும் பச்சைப் பாலின் சூடு எவ்வளவு என்று பாருங்கள். 65 இருந்தால் 90 சதவீதச் சூடு திரும்புகிறது. பாய்லர் ஏற்ற வேண்டியது 7 டிகிரிதான். 58-க்கு இறங்கியிருந்தால் 14 டிகிரி. மறுமுனையில் பாலைக் குளிரவைக்கும் சில்லரும் அதே 7 டிகிரியைக் கூடுதலாக இறக்கியாக வேண்டும். உங்கள் அளவுக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ காய்ந்த விறகு, 25 யூனிட் மின்சாரம்.

காரணம் பெரும்பாலும், சூடு கைமாறும் உலோகத் தகடுகளான பிளேட்டில் படிந்த பால் கல், அதாவது பாலின் சுண்ணாம்புப் படிவு. காஸ்டிக் சோடா கொழுப்பையும் புரதத்தையும்தான் எடுக்கும். சுண்ணாம்புப் படிவை எடுக்க அமிலம் வேண்டும். அமிலக் கழுவலைத் தள்ளிப்போடும் ஆலைகளில்தான் இந்தக் கோளாறு அதிகம்; போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். 1 முதல் 1.5 சதவீதக் காஸ்டிக்கை 75–80 டிகிரியில் 20 நிமிடம் ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசி, 0.8 முதல் 1 சதவீத நைட்ரிக் அமிலத்தை 65 டிகிரியில் 15 நிமிடம் ஓட்டுங்கள். சூட்டையோ அடர்த்தியையோ கூட்டினால் பிளேட்டுகளுக்கு இடையிலுள்ள ரப்பர் கேஸ்கெட் விரிசல் விட்டுவிடும். அமிலத்தோடு குளோரின் கரைசல் ஒருபோதும் சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

சுத்தம் செய்தும் சூடு ஏறாவிட்டால் பிளேட் சேர்க்கலாம். சேர்த்தபின் அழுத்தத்தைப் பார்க்காமல் பால் ஓட்டாதீர்கள். ரீஜெனரேஷனில் காய்ந்த பால் பக்கத்து அழுத்தம் பச்சைப் பால் பக்கத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சின்னக் கசிவு போதும், பச்சைப் பால் பாக்கெட்டுக்குள் போய்விடும். பால் 72 டிகிரியில் 15 விநாடி நிற்கும் ஹோல்டிங்கையும் மறுபடி சோதியுங்கள்.

அடுத்தது கண்டன்சேட், அதாவது நீராவி சூட்டைக் கொடுத்தபின் மாறும் சுடுதண்ணீர். அதைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் ஃபீட் தொட்டிக்குத் திருப்புங்கள். ஃபீட் தண்ணீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். தொட்டி பம்புக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் சுடுதண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவியாகி, பம்ப் இழுக்காது.

சோலார் போட்டுவிட்டோம். மாலைப் பால் வரும் நேரம் வெயில் இல்லை. பேட்டரி வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம், குழாய்மேல் ஐஸ் கட்டிக் குளிரைச் சேமிக்கும் உங்கள் ஐஸ் பேங்க் தொட்டியே பேட்டரிதான். ஒரு டன் ஐஸ் சுமார் 93 யூனிட் குளிர்ச்சியைச் சேமிக்கும். பகலில் கம்ப்ரசரை ஓட்டி ஐஸ் கட்டி, மாலையில் கரையுங்கள். குழாய்மேல் ஐஸ் அளவுக்கு மீறித் தடிக்க விடாதீர்கள். ஐஸே குளிரைத் தடுக்கும். அதனால் குழாய்க்குள் குளிரூட்டி ஆவியாகும் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் மின்செலவு 3 சதவீதம் வரை கூடும்.

பனீர் தண்ணீரை சாண எரிவாயுக் கலனில் விட்டோம். கேஸ் நின்றே போனது. ஏன்?
– வாசகர், சேலம்

கலன் புளித்துவிட்டது. மீத்தேன் நுண்ணுயிருக்கு பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு; குறைந்தால் புளிப்பு கூடும்) 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பனீர் தண்ணீர் அமிலம், அதிலுள்ள சர்க்கரையும் வேகமாகப் புளிக்கும். உடனே ஊற்றுவதை நிறுத்தி, சாணக் கரைசல் மட்டும் விட்டு, தேவைப்பட்டால் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து, பிஹெச் 7-க்கு வரும்வரை பொறுங்கள். பிறகு தினசரி ஊட்டத்தில் பத்தில் ஒரு பங்கில் ஆரம்பித்து, பிஹெச் 6.8-க்குக் கீழே போகாதபடி வாரந்தோறும் கூட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டில் அடுத்த தொகுதிப் பாலைச் சூடாக்கி, 35–38 டிகிரிக்கு ஆறவிட்டு விடுங்கள்.

நன்றாக ஓடினால் 1,000 லிட்டர் பனீர் தண்ணீரில் 15 கனமீட்டர் மீத்தேன் வரை கிடைக்கும். 11 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, வாரம் ஒருமுறை கசிவு பாருங்கள். எரியாமல் வெளியேறும் மீத்தேன், அதே எடை கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடாக்கும்.