துப்பாக்கி லைசென்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமக் கோப்புகளோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

திருப்புல்லாணி விவசாயி: ஐயா, பன்றி நெல்லை உழுதுபோட்டுட்டுப் போகுது. பயிரைக் காக்கன்னு லைசென்ஸ் கேட்டா குடுப்பாங்களா?

கேட்கலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, 2016 விதிகள்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஆனால் லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு இல்லை. அது 1972 வன உயிரினச் சட்டத்துக்குள் வருகிறது. உத்தரவில்லாமல் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

அவரே மறுபடி: மனு எழுதி முடிக்கிறதுக்குள்ள வயலே காலியாயிருமே?

ஆகும். அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. என் தயக்கம் பன்றி வராத ராத்திரிகளைப் பற்றி. அன்றைக்கும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். வரப்புத் தகராறு, குடி, பரீட்சையில் தோற்ற பையன். அரிவாளைத் தூக்கினால் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடிக்க நேரம் இருக்கும். விசையை இழுத்துவிட்டால் இல்லை. வைத்தே தீரவேண்டுமென்றால் துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா இன்னொரு பெட்டியில், சாவி உங்கள் இடுப்பில்.

மண்டபம் மாணவன்: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணுமா சார்?

குழல் 4.5 மில்லிமீட்டர், குழலைவிட்டுப் பாயும்போது குண்டின் சக்தி 20 ஜூல், இரண்டையும் தாண்டாவிட்டால் வேண்டாம் தம்பி. சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பறவைகளைக் குறி பார்த்தால் வனத்துறை வீட்டுக்கே வரும்.

கீழக்கரை வியாபாரி: அண்ணே, டெக்சாஸ்ல இருக்கிற மச்சான் சொல்றாரு, ஆளாளுக்குத் துப்பாக்கி இருந்தா திருடன் பயப்படுவானாம். இங்கே சட்டமே வெள்ளைக்காரன் போட்டதாமே?

பாதி நிஜம். 1878 ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இப்போது இருப்பது 1959 சட்டம், எல்லோருக்கும் ஒன்று. 2019-க்குப் பிறகு லைசென்ஸ் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைக்கக்கூடாது. மச்சான் ஊரில் 1791 முதல் அது அரசியல் சாசன உரிமை, இங்கே அப்படி இல்லை. அவரிடம் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேளுங்கள்: 1996-ல் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அரசு ஆறு லட்சத்துக்கும் மேலான துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது.

பாம்பன் மீனவர்: கடல்ல இலங்கை நேவிகிட்ட துப்பாக்கி இருக்கு. போட்டுல நாங்களும் ஒண்ணு வச்சா என்னண்ணே?

வேண்டாம். 2017 மார்ச்சில் கச்சத்தீவுப் பக்கம் தங்கச்சிமடத்துப் பையன் குண்டடிபட்டுச் செத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் வலையோடு போன மீனவர். போட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி சிக்கினால் அந்தப் பெயர் போய்விடும், உங்களுக்காகப் பேச வருபவர் வாயும் அடைத்துவிடும்.

தேவிபட்டினம் அம்மா: மாமனார் தவறிட்டாங்க. அவங்க லைசென்ஸ் துப்பாக்கி பரண்ல கிடக்கு. என் மகன் எடுத்துத் துடைக்கணும்கிறான்.

தொடவிடாதீர்கள். லைசென்ஸ் மாமனார் பெயருக்குத்தான், வாரிசுக்குத் தானாக வராது. குழலுக்குள் தோட்டா கிடக்கலாம். ஸ்டேஷனுக்குப் போன் செய்து, பரண் வரைக்கும் அவர்களையே வரச் சொல்லுங்கள். மகன் வேண்டுமென்றால் பிறகு புதிதாக மனுப் போடட்டும். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள், துப்பாக்கி நம்பர் அதில் இருக்க வேண்டும்.