'ஒன் பீஸ்' முழு செட் வாங்கலாமா? மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வாங்குவோர் கேட்ட சில கேள்விகள்

கேள்வி: அண்ணா, தம்பி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். 'ஒன் பீஸ்' முழு செட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என்னிடம் 3,000 ரூபாய் இருக்கிறது. எத்தனை பாகம் வரும்?

முழு செட் என்ற பேச்சை முதலில் விடுங்கள். 1997-இல் தொடங்கிய கதை, நூறு பாகம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு பாகம் 400-லிருந்து 600 ரூபாய்க்குள் விற்கிறது, நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம். அப்புறம் அதை வைக்க பீரோ வேறு.

என் கட்சி இதுதான்: ஓவியத்தைத் தாளில் பார்த்தே ஆக வேண்டும் என்கிற கதையை மட்டும் புத்தகமாக வாங்குங்கள், மற்றதை ஆப்பில் படியுங்கள். ஷோனென் ஜம்ப் ஆப் இந்தியாவில் கிடைக்கிறது, மாதச் சந்தா ஒரு புத்தக விலையைவிடக் குறைவு. ஜப்பானியப் பதிப்பாளர் ஷுயெய்ஷாவின் மாங்கா பிளஸ் ஆப்பில் தொடக்க அத்தியாயங்களும் புதிதாக வந்தவையும் இலவசம். எல்லாம் ஆங்கிலத்தில்தான், தம்பிக்கு அது பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் பரிசாகக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் மூன்று பாகங்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு வருகிறது, அதில் முதல் மூன்றை வாங்குங்கள். ஒன்பது பாகம் ஆகிவிடும், உங்கள் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். ஒன்பதாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில், அதுவரை யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத நாமி என்ற பெண் தரையில் உட்கார்ந்து "உதவி செய்" என்று கேட்பாள், கதாநாயகன் லூஃபி தன் வைக்கோல் தொப்பியை, யாரையும் தொடவிடாத அந்தத் தொப்பியை, அவள் தலையில் வைத்துவிட்டு நடப்பான். அதைப் படித்துவிட்டும் பையன் நான்காவது தொகுப்பைக் கேட்கவில்லை என்றால் மீதிக் காசு தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'டீமன் ஸ்லேயர்' 23 பாகமும் 2,500 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? போலியாக இருக்குமோ?

இருக்குமோ என்ன, போலியேதான். 2,500-ஐ 23-ஆல் வகுத்தால் ஒரு பாகம் சுமார் 109 ரூபாய்தான் வருகிறது, அந்த விலைக்கு உரிமம் வாங்கி அச்சடித்து விற்க யாராலும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டே நானும் ஒரு தடவை வாங்கினேன் என்பதுதான் வெட்கக்கேடு. ஆசை கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல.

பெட்டியைத் திறந்ததுமே பசை நெடி. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். மாங்காவில் நிழலுக்கு நுண்ணிய புள்ளிகளைப் போடுவார்கள், டோன் என்பார்கள். போலிக்காரர்கள் ஸ்கேன் செய்து திரும்ப அச்சடிக்கும்போது அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலையாகவும் கட்டமாகவும் தெரியும். கதாநாயகன் தான்ஜிரோவின் மேலாடைதான் கட்டம் போட்டது, என் பிரதியில் வானமும் கட்டம் போட்டிருந்தது. முதுகுப் பக்கத்தை ஒட்டிய வசனங்களில் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. ஏழாம் பாகத்தை விரித்தபோது நடுவிலிருந்து ஒரு கொத்துப் பக்கம் அப்படியே கையோடு வந்தது.

விற்றவரிடம் கேட்டால் "பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் போலியாகவோ, குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்தேன், மங்கிய பக்கங்களையும் கடையில் பார்த்த அசல் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினேன். பணம் வந்தது, கொஞ்சம் இழுத்தடித்துத்தான். பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைச் செய்யாததால்தான் அத்தனை இழுபறி.

ஒன்று மட்டும்: 'இந்தியாவில் அச்சிடப்பட்டது' என்று போட்டிருப்பதாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள். முறையான உரிமத்தோடு இங்கே அச்சாகும் பிரதிகளும் உண்டு. உள்பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அட்டைப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: புத்தகம் தலைகீழாக பைண்ட் ஆகி வந்திருக்கிறது. முதல் பக்கத்தைத் திறந்தால் கதை முடிகிறது. மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள், மாற்றவும் வேண்டாம். மாங்கா வலமிருந்து இடமாகப் படிப்பது. பின்னட்டை என்று நீங்கள் நினைப்பதுதான் முன்னட்டை. கட்டங்களையும் வலது மேல் மூலையிலிருந்தே தொடங்குங்கள், அரை மணி நேரத்தில் பழகிவிடும். முடிவைப் படித்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் என் அனுதாபங்கள்.

கேள்வி: பேய்க் கதை பிடிக்கும். திகில் மாங்கா வரையும் ஜுன்ஜி இட்டோவின் புத்தகங்களில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் எது? கெட்டி அட்டைக்கு அவ்வளவு காசு தகுமா?

'உசுமாகி'. யோசிக்கவே வேண்டாம். ஜப்பானில் மூன்று பாகமாக வந்தது, ஆங்கிலத்தில் அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரே கெட்டி அட்டையில் கிடைக்கிறது, ஒரே செலவில் முழுக் கதையும் முடிந்துவிடும் என்பது இந்தத் துறையில் அபூர்வம்.

பேய் என்று எதுவும் இதில் கிடையாது. ஓர் ஊருக்கே சுருள் வடிவத்தின் மேல் பித்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான் கதை. தொடக்கத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர் சந்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார், கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒன்றும் நடக்கவில்லை, ஒரு மனிதர் நத்தையைப் பார்க்கிறார், ஆனால் எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

இதற்குத் தாள் ஏன் வேண்டும் என்றால், இட்டோ பயத்தைப் பக்கத்தின் மறுபுறத்தில் ஒளித்து வைக்கிறவர். திருப்பப் போகும் விரல் தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. போனில் தேய்த்துக்கொண்டே போனால் அது போய்விடும். அவருடைய 'க்யோ' எனக்குப் பிடிக்கவில்லை, காலுள்ள மீன்கள் ஊருக்குள் நடந்து வருவது பயத்தைவிடச் சிரிப்பைத்தான் தந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசியில், மலைப் பாறையில் மனித உருவத்தில் துளைகள் தெரியும் ஒரு சிறுகதை இருக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் அதை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: பாதியில் நின்றுபோன தொடர்களை வாங்கலாமா? 'நானா', 'வாகபாண்ட்' இரண்டும் ஆசையாக இருக்கிறது.

'நானா' வேண்டாம். நல்ல கதை இல்லை என்பதால் இல்லை, மிக நல்ல கதை என்பதால்தான். அதை எழுதி வரைந்த ஐ யாசாவா உடல்நலம் கெட்டு 2009-இல் நிறுத்தினார், 21 பாகம் படித்துவிட்டு நானா என்றே பெயருள்ள இரண்டு நாயகிகளையும் நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பீர்கள். நான் இன்னும் நிற்கிறேன்.

'வாகபாண்ட்' வாங்குங்கள். அதுவும் 37 பாகத்தோடு 2015-இல் நின்றதுதான். ஆனால் வாள்வீரன் மியாமோட்டோ முசாஷியின் கதை எப்படி முடிகிறது என்பதற்காக யாரும் அதைப் படிப்பதில்லை. ஓவியர் இனோஉவே தூரிகையால் வரைந்த புல், சேறு, வியர்வைக்காகப் படிக்கிறோம், எந்தப் பாகத்தில் நிறுத்தினாலும் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை.

கேள்வி: எனக்கு வயது 42. சண்டை, ரத்தம் ஆகாது. மகளும் நானும் சேர்ந்து படிக்க ஏதாவது சொல்லுங்கள் தம்பி.

'யோட்சுபா&!' வாங்குங்கள் அக்கா. ஐந்து வயதுப் பெண், அவள் அப்பா, பக்கத்து வீட்டு மூன்று அக்காமார்கள், கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மழையில் நனைவாள், சில்வண்டு பிடிப்பாள். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதால் மொத்தமாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மகள் பதின்ம வயது என்றால் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்'டையும் பாருங்கள். கட்டிப்பிடித்தால் எலியாகவும் பூனையாகவும் மாறிவிடும் ஒரு குடும்பம். தொடக்கத்தில் வெறும் வேடிக்கையாக இருக்கும், போகப் போக அந்தக் குடும்பத்தில் யார் யாரை எப்படிக் காயப்படுத்தினார்கள் என்று வெளியே வரும், நான் அழுதிருக்கிறேன். இதற்கு ஓவியம் அவ்வளவு முக்கியமில்லை, பழைய பிரதி கிடைத்தாலும் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது, கோயில் குளம் என்று இருப்பவர். மாங்கா ஓவியர் தெசுகாவின் 'புத்தா' எட்டுப் பாகமும் பரிசாகக் கொடுக்கலாமா?

எட்டையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். ஒசாமு தெசுகா பக்தி நூல் எழுதவில்லை. பெண்களை மேலாடை இல்லாமல் வரைவார், உருக்கமான இடத்தில் திடீரென்று நம் காலத்து நகைச்சுவையை நுழைப்பார், தானே ஒரு மூலையில் தலைகாட்டுவார். முதல் பாகத்தில் சித்தார்த்தனைவிடச் சப்ரா என்ற அடிமைப் பையனும் தத்தா என்ற திருட்டுப் பயலும்தான் அதிகம் வருவார்கள், இருவரும் தெசுகாவின் கற்பனை.

ஆனால் அந்தப் பாகம் தொடங்குவது பனியில் விழுந்து கிடக்கும் முதியவருக்காகத் தன்னையே நெருப்பில் போட்டுக்கொள்ளும் முயலோடு. பெரும்பாலும் வசனமே இல்லாத பக்கங்கள். முதல் பாகத்தை மட்டும் வாங்கி, அப்பாவிடம் அந்தப் பக்கங்களை விரித்துக் கொடுங்கள், ஆங்கிலம் வேண்டியதில்லை. சாப்பிடக் கூப்பிடும்போது "இரு வரேன்" என்றார் என்றால் இரண்டாம் பாகத்துக்கு ஆர்டர் போடுங்கள்.