டிம் ரிச்மண்டின் எட்டு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் டிம் ரிச்மண்டை மிகப்பெரிய ஓட்டுநர்களில் ஒருவர் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். 1980 முதல் 1987 வரை 185 பந்தயங்கள், 13 வெற்றிகள், ஒரு சாம்பியன் பட்டம்கூட இல்லை. ரிச்சர்ட் பெட்டி 200 பந்தயங்களை வென்றவர். சின்ன வயதில் இறந்துவிட்டார் என்ற அனுதாபத்தில்தான் இவரை அந்த வரிசையில் வைக்கிறீர்களோ? போதைமருந்துச் சோதனையில் மாட்டித் தடை செய்யப்பட்டார் என்றும் படித்தேன். தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டவரை எதற்குக் கொண்டாட வேண்டும்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு சரிதான், ஆனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் ஆறு வருடங்களில் 148 பந்தயங்கள், 4 வெற்றிகள். கடைசி இரண்டு வருடங்களில் 37 பந்தயங்கள், 9 வெற்றிகள். அந்த ஒன்பதில் கடைசி இரண்டு, எய்ட்ஸ் நோயை உடம்பில் வைத்துக்கொண்டு அவர் வென்றவை. உச்சத்துக்கு வந்த வேகத்திலேயே நின்றுபோன வாழ்க்கை இது. இதில் நான் அனுதாபத்துக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் ஓஹையோ மாநிலத்துக்காரர், வசதியான வீட்டுப் பிள்ளை. ஸ்டாக் கார் ஓட்ட வருவதற்கு முன்பு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், 1980இல், ஒன்பதாவதாக வந்து அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற பெயரை வாங்கினார். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து பாதையில் நின்றுவிட்டார், வெற்றி பெற்ற ஜானி ரதர்ஃபோர்ட் தன் காரின் பக்கவாட்டில் அவரை ஏற்றி உட்காரவைத்துக்கொண்டு வந்தார், கூட்டம் ஆரவாரம் செய்தது. அதே வருடம் ஜூலையில் போகோனோ பந்தயத்தடத்தில், ஸ்டாக் கார்கள் ஓடும் நாஸ்காரில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். இண்டி கார் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் லேசான வண்டி. ஸ்டாக் கார் அப்படியல்ல, பார்க்க ஷோரூம் கார் மாதிரி இருக்கும், எடையோ ஒன்றரை டன்னுக்கு மேல், உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு, சுற்றிலும் நாற்பது வண்டிகள் உரசிக்கொண்டு ஓடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் ஓட்டக் கற்றதை முக்கால்வாசி மறந்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1986. ரிக் ஹெண்ட்ரிக்கின் அணிக்குப் போகிறார், 25ஆம் எண் செவர்லே. அங்கே தலைமை மெக்கானிக் ஹாரி ஹைட், அறுபதைத் தாண்டியவர், 1970இலேயே பாபி ஐசக்கைச் சாம்பியனாக்கியவர். ரிச்மண்டோ நீளமுடி, விலை உயர்ந்த சூட், சினிமாக்காரன் மாதிரித் தோற்றம். முதல் சில மாதங்கள் இரண்டு பேருக்கும் ஒத்தே வரவில்லை. அப்புறம் ஒரு சோதனை ஓட்டத்தில் ஹைட் சொல்கிறார்: ஐம்பது சுற்று உன் இஷ்டப்படி ஓட்டு, அடுத்த ஐம்பது சுற்று நான் சொல்கிறபடி ஓட்டு. ரிச்மண்ட் வளைவில் ஆழமாக நுழைந்து முரட்டுத்தனமாகத் திருப்புவார், முதல் சில சுற்றுகள் மின்னல்தான், ஆனால் டயர் தேய்ந்து போய்விடும், அதற்குப் பிறகு நேரம் கூடிக்கொண்டே போகும். ஹைட் சொன்னபடி நிதானமாக ஓட்டிய ஐம்பது சுற்றுகளின் மொத்த நேரம் குறைவாக இருந்தது, டயரும் நன்றாக இருந்தது. தன் வேகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவர் அதைப் பார்த்து மாறிக்கொண்டார், அதனால்தான் அவரைப் பெரிய ஓட்டுநர் என்கிறேன். அந்த ஜூனில் தொடங்கி வருடம் முடிவதற்குள் ஏழு பந்தயங்களை வென்றார். அந்த வருடத்தின் மொத்தப் புள்ளிகளில் டேல் எர்ன்ஹார்ட்டுக்கும் டேரல் வால்ட்ரிப்புக்கும் அடுத்து மூன்றாவது இடம்.

டிசம்பரில் நோய் தெரியவந்தது. வெளியே சொன்னது இரட்டை நிமோனியா என்று. வருடத்தின் முதல் பெரிய பந்தயமான டேடோனா 500க்கு 1987இல் அவரால் வர முடியவில்லை. ஜூனில் போகோனோவுக்குத் திரும்பி வந்து அந்தப் பந்தயத்தையே வென்றார், பந்தயம் முடிந்ததற்கான கொடி விழுந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தார். அடுத்த வாரம் ரிவர்சைடு, அதிலும் வெற்றி, அதுதான் கடைசி. ஆகஸ்டில் மிச்சிகனில் ஓட்டியதோடு சரி.

இனி நீங்கள் சொன்ன போதைமருந்து விஷயம். இதைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. 1988 பிப்ரவரியில் மறுபடி ஓட்ட வேண்டும் என்று டேடோனாவுக்குப் போகிறார். நாஸ்கார் அப்போதுதான் சோதனை முறையைக் கொண்டுவந்திருந்தது. அவர் தேறவில்லை என்று அறிவித்துத் தடை செய்தார்கள். மறுசோதனையில் எதுவும் இல்லை. முதல் சோதனையில் கிடைத்தது என்ன என்று பார்த்தால் சூடஃபெட், அட்வில். ஒன்று மூக்கடைப்புக்கு, இன்னொன்று வலிக்கு, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் யாரும் வாங்கலாம். தடையை நீக்கினார்கள், ஆனால் ஓட்ட வேண்டுமென்றால் மருத்துவப் பதிவுகளைக் கொடு என்றார்கள். கொடுத்தால் நோய் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் மறுத்தார், வழக்குப் போட்டார், அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. டேடோனா 500 நடந்த அன்று, ரசிகர்களைப் பிரிந்திருப்பது வருத்தமாக இருக்கிறது என்று எழுதிய பதாகையோடு மைதானத்துக்கு மேலே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்.

மறைக்காமல் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இண்டியானாவில் ரயன் ஒயிட் என்ற பதின்மூன்று வயதுப் பையன், ரத்தப்போக்கு நோய்க்கு எடுத்துக்கொண்ட மருந்தின் வழியே இந்தத் தொற்று வந்தவன், பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்று 1985இல் தடுத்த காலம் அது. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்ஐவி இருப்பதை மேடையில் நின்று சொன்னது 1991 நவம்பரில். ரிச்மண்ட் இறந்தது 1989 ஆகஸ்ட் 13, வயது 34. காரணத்தை அவருடைய மருத்துவர் பத்து நாள் கழித்துத்தான் வெளியே சொன்னார். ஓட்ட உடம்பு தகுதியா என்று கேட்கும் உரிமை நாஸ்காருக்கு இருந்தது, இருக்கவும் வேண்டும், மற்ற ஓட்டுநர்களின் உயிரும் அதில் இருக்கிறது. ஆனால் மூக்கடைப்பு மாத்திரையை வைத்து ஒரு நோயாளியின் பெயரில் ஒட்டவைத்த முத்திரை, இத்தனை வருடம் கழித்து, கோவையில் இருக்கும் உங்கள் கண்ணிலும் முதலில் படுகிறது.

1986 ஜூலை போகோனோ பந்தயத்தின் காணொளி கிடைத்தால் பாருங்கள். விபத்தில் டயர் போன காரைப் பின்னோக்கியே ஓட்டி, வண்டியைச் சரிசெய்யும் இடமான பிட்டுக்குக் கொண்டுவந்து, சரிசெய்துகொண்டு, கடைசியில் ரிக்கி ரட், ஜெஃப் போடைன் இருவரோடும் ஏறக்குறைய ஒரே வரிசையில் கோட்டைத் தாண்டி வென்றிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுங்கள்.