வாங்கும் முன் கேளுங்கள்: டைனோ தாளில் ஓடும் கார்

கேள்வி: என் 2003 மினி கூப்பர் எஸ் காரில், என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்குச் சிறிய புல்லி (அதைச் சுற்றும் பெல்ட் சக்கரம்) போட்டேன். டைனோ (காரை உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) தந்த தாளில் 190 குதிரைத்திறன். மாலையில் தீவு விரைவுச்சாலையில் ஓட்டினால் பழைய மாதிரியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (யீஷூன்)

பதில்: பாதி ஏமாற்று, பாதி வெயில். நீங்கள் அனுப்பிய நகலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்: சக்கரத்தில் 152. டைனோ உருளை அளந்தது அதைத்தான். கியர்பெட்டியும் அச்சும் 20 சதவீதம் தின்றதாக வைத்துக்கொண்டு 190 ஆக்கிவிட்டார்கள். 15 சதவீதம் என்று வைத்திருந்தால் 179. பதினொரு குதிரைகள் பென்சிலில் பிறந்தவை!

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடுத்த இடத்தில். காற்றின் சூட்டுக்கு ஏற்ப சக்தி மாறும் என்பதால், அளந்த எண்ணை ஒரு பொது வெப்பநிலைக்குத் திருத்திச் சொல்வார்கள். எந்த வெப்பநிலைக்குத் திருத்திய எண் என்று தாளில் ஒரு வார்த்தை இல்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் முறை 25 டிகிரிக்குத் திருத்தும். பழைய முறை 15.5 டிகிரிக்கு. ஒரே ஓட்டத்துக்குப் பழைய முறை ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 15 டிகிரியை நம் சிங்கப்பூரில் எங்கே போய்த் தேடுவது?

சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போதே சூடாக்குகிறது. சிறிய புல்லி அதை இன்னும் வேகமாகச் சுற்றும், சூடும் ஏறும். மினியில் அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் உட்கார்ந்திருப்பதோ என்ஜினின் தலைமேல். பட்டறையில் பானட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு, நன்றாக ஆறவிட்டு அளப்பார்கள். மாலை ஆறு மணி நெரிசலில் அந்த விசிறி ஏது? உள்ளே சூடான காற்று போனால், என்ஜின் கணினி தீப்பொறியைத் தாமதிக்கும். சக்தி இறங்கும்.

வேலைக்கு முன்பும் பின்பும் அதே டைனோ, அதே கியர், திருத்தாத எண், காற்றின் வெப்பநிலை: இவற்றைக் கேளுங்கள். இடைவெளி விடாமல் மூன்று ஓட்டம் ஓடச் சொல்லுங்கள். மூன்றாவது எண்தான் உங்களுடையது. நானும் இப்படி ஒரு தாளைப் பார்த்துப் பளபளப்பான காற்றுக் குழாய் வாங்கியவன்தான். சத்தம் கூடியது.

கேள்வி: 250 குதிரைத்திறன் இருந்தால் அலுவலகத்துக்குச் சீக்கிரம் போகலாமா? (பொங்கோல்)

பதில்: விரைவுச்சாலையிலேயே உச்ச வரம்பு 90 கிலோமீட்டர். பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள்.

கேள்வி: சாதாரண என்ஜினில் சூப்பர்சார்ஜர் பொருத்த அனுமதி தேவையில்லை என்று பட்டறைக்காரர் சொன்னார். முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், ரசீது வாங்கவில்லை. (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: நிலப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்காமல் செய்கிற வேலை இல்லை அது. காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டிருக்க வேண்டும். ரசீதுகூட வாங்காமல் என்ன அவசரம் உங்களுக்கு? இன்றே போய் வேலையை நிறுத்துங்கள், ரசீதையும் வாங்குங்கள்.

கேள்வி: விற்பனையாளர் காட்டிய டைனோ தாளை நம்பி கார் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் அதில் வேறு காரின் பதிவு எண். கேட்டால் சிரிக்கிறார்கள். (தோ பாயோ, ஓய்வுபெற்றவர்)

பதில்: ஐயா, உங்கள்மேல் தவறே இல்லை. தொழிலாக விற்கிறவர் பொய்த் தகவல் கொடுப்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற நடைமுறை. முதலில் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். "சரிபார்த்துத் தருகிறோம்" என்று அந்தத் தாளைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.