ஆள் பார்த்து நடத்தும் பொட்டிக்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கல்யாணப் புடவைக்கு ஆரி வொர்க் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். காலனி பெயரைச் சொன்னதும், "டேப் போட மாட்டோம், அளவு ப்ளவுஸ் கொண்டு வா" என்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு டேப் வைத்துத்தான் அளந்தார்கள். இதற்குப் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: கட்டாயம் முடியும். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 6 இதற்காகவே இருக்கிறது. தீண்டாமை காரணமாகப் பொருள் விற்கவோ வேலை செய்து தரவோ மறுப்பது குற்றம். மற்றவர்களுக்குச் செய்வதை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் உங்களுக்கும் செய்ய வேண்டும். ஆகவே "தைக்க மாட்டோம் என்று சொல்லவில்லையே" என்று கடைக்காரர் தப்பிக்க முடியாது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, கூடவே அபராதம்.

அதைவிட முக்கியமானது பிரிவு 12. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமை காரணமாகத்தான் இப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அதனால் புகாரோடு சாதிச் சான்றிதழ் நகலை வையுங்கள்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். அளவு ப்ளவுஸ் கேட்பது தையல் கடைகளில் சாதாரண வழக்கம், "எல்லாரிடமும் கேட்போம்" என்பார். அங்கேதான் பல புகார்கள் நிற்காமல் போகின்றன. உங்களுக்கு முன்னால் அளந்த பெண்ணின் ஆர்டர் சீட்டு இதற்குச் சரியான பதில். தோள், மார்பு, இடுப்பு, கை உயரம், கழுத்து இறக்கம் என்று வரிசையாக இன்ச் கணக்கு அதில் எழுதியிருக்கும்; தேதியும் இருக்கும். அவர் தர சம்மதித்தால் ஒரு போட்டோ போதும். சம்மதிக்காவிட்டாலும் கடையின் ஆர்டர் புத்தகத்தைக் கைப்பற்றும்படி புகாரிலேயே எழுதுங்கள். அவர்கள் சொன்ன வாக்கியத்தை அதே வார்த்தையில், நேரத்தோடு அன்று இரவே எழுதி வைப்பதும் அவசியம். ஒரு வாரம் கழித்து எழுதினால் வார்த்தை மாறிவிடும், குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள்.

சாதிப் பெயரைச் சொல்லி மற்றவர்கள் முன்னால் திட்டினார்களா? அப்படியானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பிரிவு 3(1)-இன் ஆர், எஸ் உட்பிரிவுகளும் சேரும். அந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. புலன்விசாரணை செய்ய வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதியில் உள்ள அதிகாரி. உதவி எண் 14566.

கேள்வி: கடையில் கேமரா இருக்கிறது. பதிவைக் கேட்டால் தர மறுக்கிறார்கள்.

பதில்: உங்களிடம் தராமல் போகலாம், ஆனால் அழியாமல் காப்பாற்றுவதுதான் அவசரம். கேமரா பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். கருவியில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, மறுநாள் டெலிவரி சான்றோடு ஸ்பீட் போஸ்ட். "இந்தத் தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான பதிவை அழிக்க வேண்டாம்" என்ற ஒரு வரி போதும். காவல் நிலையப் புகாரிலும் அதே நேரத்தைக் குறிப்பிடுங்கள். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அதன் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(4)). அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கேள்வி: சாதாரண காட்டன் சேலையில் போனேன். "அதெல்லாம் விலை அதிகம்மா" என்று துணியை எடுத்தே காட்டவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: மனம் வலிக்கும், ஆனால் இந்த வழக்கு நிற்பது கடினம். அரசியலமைப்பின் 15(2) கடைகளுக்குள் போவதைத் தடுக்கக் கூடாது என்று சொல்லும் காரணங்கள் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம். உடையும் வசதியும் அந்தப் பட்டியலில் இல்லை. நுகர்வோர் சட்டப்படி, பணம் கொடுத்தவரோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வாங்கியவரோதான் நுகர்வோர். வாங்காமல் திரும்பியவர் அதில் வரமாட்டார். உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள், கூகுளில் விமர்சனம் எழுதுங்கள். நடந்ததை மட்டும், தேதியோடு எழுதுங்கள். "ஏமாற்றுக் கடை" போன்ற பட்டம் கட்டினால் அவதூறு என்று உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

கேள்வி: நான் கொஞ்சம் குண்டு. 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, தைத்த பிறகு "உங்க சைஸுக்கு 600 சேர்த்துக் கொடுங்க" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்கள். கைக்குழி வேறு பிடிக்கிறது. பில் தரவில்லை. சரிசெய்யவும் மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் நிலைமை வேறு, பணம் கொடுத்துவிட்டீர்கள். பெரிய அளவுக்கு லைனிங் துணி கூடுதலாகப் பிடிக்கும், அந்த விலையை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லி வாங்கினால் தவறில்லை. தைத்து முடித்துவிட்டுக் கேட்பதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. குறையுள்ள வேலையை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே.

ப்ளவுஸைப் பிரிக்காதீர்கள், வேறு டெய்லரிடம் கொடுத்துச் சரிசெய்யவும் வேண்டாம். போட்டுக்கொண்டு கைக்குழி இழுக்கும் இடம் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் வைத்துக்கொண்டு 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். அங்கும் தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு கெடு. சிரித்ததற்கு மன உளைச்சல் இழப்பீடு என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது.

கேள்வி: வெளியே வரும்போது என் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள்.

பதில்: கடை ஊழியருக்கு உங்களைச் சோதனை போடும் அதிகாரம் இல்லை. "சந்தேகம் இருந்தால் பெண் போலீஸைக் கூப்பிடுங்கள், அவர் முன்னால் திறக்கிறேன்" என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். உள்ளறைக்கு மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: நானே சின்ன பொட்டிக் வைத்திருக்கிறேன் மேடம். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். இப்படிப் புகார் வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு துணியிலும் விலைச்சீட்டு கட்டுங்கள், ஆளைப் பார்த்து விலை சொல்ல இடமே இருக்காது. கூட்டம் இருந்தால் டோக்கன் கொடுங்கள். ட்ரையல் ரூமுக்கு ஒரு தடவைக்கு 3 துணி என்றால் அதை எல்லாருக்கும் பொதுவாக எழுதி ஒட்டுங்கள், திருநங்கைகளுக்கும் அதே அறை, அதே 3. அவர்களுக்குப் பொருளோ சேவையோ மறுப்பதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் பிரிவு 3 தடை செய்கிறது. ஆர்டர் சீட்டில் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கட்டும். எந்தத் தெரு என்ற கேள்வியை, வீட்டுக்கு டெலிவரி கேட்டவரிடம் மட்டும், டெலிவரி நாளன்று கேட்டால் போதும்.